திருத்திப் பூட்டிய பழைய மோட்டார் எஞ்சின் சீராக ஓடாவிடின் செய்யவேண்டியவை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்களை இன்றும் ஓடுநிலையில் வைத்திருக்கும் கமக்காரர் சிலர் உளர். மைனர் கார் 1948 ஆம் ஆண்டிலிருந்து 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அதன் எஞ்சினைச் சாதாரண கருவிகளைக் கொண்டே கழற்றிப் பூட்டலாம். பின்னாசனத்தைக் கழற்றிவிட்டால் கத்தரி, பயிற்றை, வாழைக்குலை ஆகியவற்றைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் அது போதும்.

இத்தகைய எஞ்சினுக்குச் சிலிண்டர் கடைந்து, புதிய பிஸ்ரனும் றிங்கும் இட்டு, கிறாங் தண்டு தீட்டிப் பூட்டுவிக்கப் பெருஞ் செலவாகும். அச்செலவு செய்த பின்னும் எஞ்சின் இழுவையின்றி ஓடினால், உரிமையாளர் மனமொடிந்து, அதனை மீண்டும் பிரிக்கும்படி கராஜுக்குக் கொடுத்துவிடுகிறார். இது பெரும்பாலும் வேண்டாத செலவு. பிரிக்கு முன் வெளியிலிருந்தே பார்க்கவேண்டியவை பல உள. கீழே தரப்படும் அளவுகள் மைனர் காரின் 948, 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின்களுக்கு உரியவை. பிற கார்களுக்கு அவற்றின் கைந்நூலைப் பார்த்துக் கொள்க.

முதலில், பிழை எப்போது தோன்றுகிறது என்பதைக் கவனித்துத் தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும். குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்பா? நின்ற நிலையிலா, பாரம் இழுக்கும்போதா? கரும்புகை வந்தால் பெற்றோல் மிகுதி. நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை ஓயாது வந்து றேடியேற்றர் நீரும் குறைந்தால் காஸ்கெற் பழுது. பூட்டும்போது பூசிய எண்ணெய் எரிவதால் முதல் நாளில் சிறிது நீலப்புகை வருவது இயல்பே. புதிய றிங் சிலிண்டருடன் இணங்குவதற்கு ஏறக்குறைய 500 மைல் ஓட்டம் வேண்டும். அதற்கு முன் எஞ்சின் சற்று இறுக்கமாகவே சுழலும். அதைக்கொண்டு வேலை பழுது என்று தீர்த்துவிடலாகாது.

திருத்திய எஞ்சினில் பிழை பெரும்பாலும் கை பட்ட இடத்திலேயே இருக்கும். ஆகையால், எவ்வெவை கழற்றப்பட்டன என்பதை மெக்கானிக்கிடம் கேட்டு அறிந்து, அவ்விடங்களை முதலிற் பார்க்கவும். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கவும். காபுரேற்றரையும் டிஸ்ரிபியூற்றரையும் ஒருங்கே திருப்பிவிட்டால், எது குணம் தந்தது, எது கெடுத்தது என்பது பிரமதேவனுக்கும் விளங்காது.

எல்லாவற்றிற்கும் முந்தியது டப்பெற் இடைவெளி. சிலிண்டர் ஹெட்டைப் புதிய காஸ்கெற்றுடன் பூட்டிச் சில நூறு மைல் ஓடியபின், காஸ்கெற் சற்று அமர்ந்துவிடும். அப்போது ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, 40 இறாத்தல்-அடி அளவுக்கு மீண்டும் இறுக்குவது முறை. இறுக்கும்போது ஹெட் கீழே இறங்குகிறது. றொக்கர் கைகளும் அதனுடன் இறங்குகின்றன. ஆனால் அவற்றைக் கீழிருந்து தாங்கும் தள்ளுகோல்களின் நீளம் மாறுவதில்லை. எனவே றொக்கருக்கும் வால்வுக்கும் இடையே விட்ட வெளி சுருங்கிப் போகிறது. எஞ்சின் சூடேறியதும் வால்வு நீண்டு, எஞ்சிய வெளியும் அற்று, வால்வு தன் இருக்கையில் முற்றாக மூடாது நிற்கும். உள்ளிழுக்கும் வால்வு மூடாவிடில் காபுரேற்றர் வழியாக வெடித்துத் துப்பும். வெளியேற்றும் வால்வு மூடாவிடில் அதன் விளிம்பு நாளடைவிற் கருகிவிடும்.

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் இரண்டு கறவைப் பசுக்களை விற்று மைனர் எஞ்சினைத் திருத்துவித்தார். 500 மைல் வரை குறையின்றி ஓடியது. ஹெட் இறுக்கப்பட்ட மறுநாளிலிருந்து, காலையில் நன்றாகப் புறப்பட்டு, மாங்குளம் சேருமுன் இழுவை தளர்ந்து துப்பத் தொடங்கிற்று. றிங் முறிந்திருக்கும், பிரித்தே பார்க்க வேண்டும் என்று கூறப்பட்டதால், மூன்றாவது பசுவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். அளந்து பார்த்தபோது எட்டு வால்வுகளில் ஐந்திற்கு 0.004 அங்குலத் தகடுகூட நுழையவில்லை. இருக்கவேண்டியதோ 0.012 அங்குலம். இடைவெளித் தகடும் ஸ்பனரும் திருப்புளியும் கொண்டு ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பசு பட்டியிலேயே நின்றது.

இவ்விடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு எளிய கணக்கொன்று உண்டு. முன்னிருந்து எண்ணும்போது, முழுதும் திறந்து நிற்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் அளக்கவேண்டிய வால்வின் எண் வரும். எட்டாவது திறந்திருக்கையில் முதலாவதையும், ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதையும் அளக்கலாம். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டதையும் நினைவிற் கொள்க. பழைய வார்ப்பிரும்பு இருக்கைகள் ஈயத்தின் துணையின்றி விரைந்து தேயும். வெளியேற்றும் வால்வு உள்ளே அமிழ்ந்து இடைவெளி தானே குறைந்துகொண்டு வரும். அடிக்கடி குறைந்தால், அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது கடின உருக்கு இருக்கைகளை இடுவித்தல் நன்று.

அடுத்தது தீப்பொறி. பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலமும், பிளக் இடைவெளி 0.025 அங்குலமும் இருத்தல் வேண்டும். பிளக் வயர்களின் ஒழுங்கு 1, 3, 4, 2 என்பதாகும். இதை டிஸ்ரிபியூற்றர் மூடியில் இடஞ்சுழியாக எண்ணவேண்டும். வலஞ்சுழியாக எண்ணிப் பூட்டி அல்லற்படுவோர் பலர். எஞ்சின் சூடேறியதும் தானே நின்று, ஆறியபின் மீண்டும் புறப்பட்டால், கொண்டென்சரை ஐயுறுக. இக்காலத்தில் விற்கப்படும் புதிய கொண்டென்சர்களில் மட்டமானவை நிரம்ப உள்ளன. பழையது நன்றாக இருந்ததாயின் அதையே திரும்பப் பூட்டிப் பார்க்கலாம். இக்கார்களில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. எஞ்சினை ஏற்றிய பின் பற்றரியை மாறிப் பூட்டினாலும், கொயில் வயர்கள் மாறினாலும் தீப்பொறி மெலியும்.

தீப்பொறி விழும் நேரத்தைப் பற்றி வன்னியில் தனியாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. 1990 களில் இப்பகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தது. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரே அத்தடை தளர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சில துளி பெற்றோல் ஊற்றிப் புறப்படச்செய்து, பின் மண்ணெண்ணெயிலே கார்களை ஓட்டினர். மண்ணெண்ணெய் பெற்றோலைவிட எளிதில் தட்டும் இயல்புடையது. ஆதலால் தீப்பொறியைச் சற்றுப் பிந்தி விழும்படி வைப்பது அன்று சரியே. அந்தப் பழக்கம் கையில் நிலைத்து, பெற்றோலில் ஓடும் எஞ்சினுக்கும் அவ்வாறே வைத்துவிடின், தட்டும் ஓசை இராது. ஆனால் இழுவை குன்றும், றேடியேற்றர் கொதிக்கும், பெற்றோல் அதிகம் செலவாகும். தட்டவில்லை என்பதால் நேரம் சரி என்று எண்ணலாகாது.

நேரத்தைச் சரிபார்க்க 12 வோல்ற் பல்பு ஒன்று போதும். கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்கு வரும் வயரின் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அதனைப் பிடித்து, பிளக்குகளைக் கழற்றி, கிறாங்கைக் கையாலே மெல்ல முன்னோக்கிச் சுழற்றுக. பொயின்ற் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அவ்வேளையில் கப்பியின் வெட்டு, கைந்நூல் அந்த எஞ்சினுக்குக் கூறும் பாகையில் நிற்கவேண்டும். பிந்தியிருந்தால் டிஸ்ரிபியூற்றரை வலஞ்சுழியாகச் சிறிதே திருப்புக.

இவை இரண்டும் சரியென்று கண்ட பின்னரே காபுரேற்றரில் கை வைக்கலாம். நம்மவர் முதலிற் திருகுவது அதனைத்தான். எஸ். யூ. காபுரேற்றரின் மேற்குழலில் மெல்லிய எண்ணெய் இல்லாவிடில், மிதித்தவுடன் எஞ்சின் தயங்கும். உள்ளிருக்கும் பிஸ்ரனை உயர்த்தி விட்டால் ‘டக்’ என்று விழவேண்டும். சூடான எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அப்பிஸ்ரனை ஒரு நூலளவு உயர்த்துக. வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் மிகுதி. எஞ்சின் நின்றுபோனால் குறைவு. கணநேரம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரியான கலவை. கலவை குறைவாகவே நின்றால், காபுரேற்றரும் மனிபோல்டும் பொருந்தும் இடங்களில் எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கவும். எஞ்சினின் ஓட்டம் மாறும் இடத்திலேதான் காற்று நுழைகிறது. பெற்றோல் கொண்டு இதனைச் சோதிப்பது தீவிபத்துக்கு இடமாகும்.

எஞ்சின் கராஜில் இருந்த மாதங்களில் கார் வெறுமனே நின்றிருக்கும். தாங்கியில் துருவும், திறந்து கிடந்த குழாய்களில் குளவி கட்டிய மண்கூடும் இருக்கும். பெற்றோல் பம்ப் ஓயாது விரைந்து ‘டிக் டிக்’ என்று அடித்தால், பெற்றோலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது என்று அறிக.

இவ்வளவும் பார்த்தபின் குறை நீங்காவிடிற்றான் உட்பாகங்களை ஐயுற வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, கொயில் வயரையும் அகற்றி, திறொட்டிலை முழுதும் திறந்து, அமுக்கமானியால் ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்கவும். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி மீண்டும் அளக்கையில் அமுக்கம் ஏறினால் றிங்கிற் குறை. ஏறாவிடில் வால்விற் குறை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைந்திருந்தால் அவற்றின் இடையே காஸ்கெற் விட்டிருக்கும். நான்கும் ஒருங்கே குறைந்து, எஞ்சின் சோம்பி ஓடினால், ரைமிங் சங்கிலி ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டதோ என்று பார்க்கவும். முதலாம் பிஸ்ரன் அமுக்க வீச்சின் உச்சியில் நிற்கும்போது, நாலாம் சிலிண்டரின் வால்வுகளில் ஒன்று மூடி முடியும் நிலையிலும் மற்றது திறக்கத் தொடங்கும் நிலையிலும் இருத்தல் வேண்டும். அவ்வாறு இராவிடில் முன்மூடியை மட்டும் கழற்றினாற் போதும். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

500 மைலில் எண்ணெயை மாற்றும்போது, வடித்த எண்ணெயிற் சிறிதை வெள்ளைப் பீங்கானில் ஊற்றி வெயிலிற் சாய்த்துப் பார்க்கவும். மங்கலான சாம்பல் நிறம் புதிய றிங்கின் தேய்மானம். மினுமினுக்கும் துணுக்குகள் கண்டால் அது பெயறிங்குகளின் உலோகம். அவ்வெஞ்சினை மேலும் ஓட்டாது, கயிறு கட்டி இழுத்தேனும் கராஜுக்குக் கொண்டுசென்று பிரிப்பிக்கவும்.