ரத்தம் கம்மி என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் மாறும் வேளையில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களில் பலர் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று மருத்துவரிடம் போனால், "ரத்தம் கம்மி, கீரை சாப்பிடும்மா" என்று சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்புவார்கள். அதில் தவறில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆனால் எந்த ஷிஃப்ட், எவ்வளவு தூக்கம், மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

மஜ்ஜையில் நடப்பது

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இறப்பவற்றை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் அணுக்களைப் புதிதாக உருவாக்குகிறது. சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோன் அதைத் தூண்டுகிறது. மூலப்பொருள் இரும்புச்சத்து.

சிறிது நேரப் பதற்றத்தால் இந்த வேலை கெடாது. மாதக்கணக்கில் நீளும் உளைச்சலும் தூக்கமின்மையும் வேறு வகை. அப்போது உடலில் அழற்சியைத் தூண்டும் ஐஎல்-6 போன்ற பொருள்கள் கூடலாம். அவை கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கும். ஹெப்சிடின் கூடினால், குடலில் உறிஞ்சப்பட்ட இரும்பும் உடலில் சேமித்திருக்கும் இரும்பும் ரத்தத்துக்குள் வர முடியாது. ஸ்டோரில் பொருள் இருந்தும் லைனுக்கு வராமல் வேலை நிற்பது போன்ற நிலை இது. எலிகளைத் தொடர்ந்து உளைச்சலுக்கு உள்ளாக்கிய ஆய்வுகளில் மஜ்ஜையின் இரும்பு குறைந்து, சிவப்பணு உற்பத்தி தளர்ந்தது. 2014-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய இளம் மருத்துவர்களுக்கு, மஜ்ஜையில் உருவாகும் வெள்ளணுக்கள் கூடியிருந்தன. உளைச்சல் மஜ்ஜைவரை எட்டுகிறது என்பதற்கு அது சான்று.

நம் பெண்களின் ரத்தசோகைக்கு முதன்மைக் காரணங்கள் இரும்புச்சத்துக் குறைவும் மாதவிடாய் ரத்த இழப்பும்தான். உளைச்சல் அதன்மேல் ஏறும் சுமை.

ஷிஃப்டும் சாப்பாடும்

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் பகல் வெக்கையில், பலர் தங்கும் அறையில் தூங்க முயல்கிறார். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் டிபன் போய், டீயும் பிஸ்கட்டும் மிஞ்சுகின்றன. சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஒரு ஹாஸ்டலின் உணவால் பெண் தொழிலாளர்கள் பலர் நோயுற்று, தோழிகள் நெடுஞ்சாலையை மறித்தபோதுதான் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது வெளியே தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்ல கட்டடம் வேண்டும்தான். ஆனால் ஷிஃப்டும் டார்கெட்டும் தூக்கத்தைத் தின்றால் கட்டடத்தால் மட்டும் ரத்தம் ஊறாது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத்திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டதை நான் உடல்நலச் செய்தியாகவே பார்க்கிறேன்.

கேட்டு வாங்க வேண்டியவை

கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அதோடு, உடலில் சேமித்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் கேளுங்கள். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் சரியாக இருப்பதுபோல் காட்டும் என்பதால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு உண்டு.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, முடிந்தால் ஈரல், சுவரொட்டி சாப்பிடலாம். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போட்டு, டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது என்றால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, கறுத்த மலம், சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறல் ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லையா? மருத்துவரிடம் திரும்பப் போய், நைட் ஷிஃப்ட் எத்தனை, தூங்குவது எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்.