உங்களுக்குத் தெரியுமா? காலையில் பேட்டரி இல்லை, மாலையில் கூலன்ட் இல்லை!

ஐரோப்பாவின் முகாம் திடல்களில் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கும் ஃபோக்ஸ்வேகன் டி3 கேம்பர் வேன்களில் பெரும்பாலானவை நாற்பது வயதை ஒட்டியவை. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, தூக்கினால் விரியும் கூரை எல்லாம் உண்டு. கூடவே இரண்டு தலைவலிகளும் உண்டு. நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்குகிறது. ஓட்டினால் கூலன்ட் குறைகிறது. இவற்றுக்குத் தனித்தனியாகக் காசு கொட்டுகிறவர்கள் ஏராளம். சில வண்டிகளில் இரண்டுக்கும் காரணம் ஒரே இடத்தில் இருக்கலாம்.

● 1979இல் டி3 வந்தபோது அதன் பெட்ரோல் எஞ்சினுக்குத் தண்ணீரே தேவைப்படவில்லை, காற்றாலேயே குளிர்ந்தது. 1981இல் டீசல் மாடலோடு ரேடியேட்டர் வந்தது. 1982இன் பிற்பகுதியில் பெட்ரோல் எஞ்சினும் தண்ணீருக்கு மாறியது. ஆனால் எஞ்சின் பழையபடி பின்னாலேயே இருக்க, ரேடியேட்டர் மட்டும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் இணைக்க வண்டியின் அடியில் நெடுகக் குழாய்கள். மொத்தம் 16 லிட்டருக்கு மேல் கூலன்ட் பிடிக்கும். ஒழுகுவதற்கு எத்தனை இடங்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

● தண்ணீரால் குளிரும் இந்தப் பெட்ரோல் எஞ்சினில் வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுவது ஒரே வி-பெல்ட். பெல்ட் தளர்ந்தால் சார்ஜ் குறையும், சூடும் ஏறும். ஓடும்போது சார்ஜ் விளக்கு சட்டென்று எரிந்தால், 'பேட்டரிதானே, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விரட்டக் கூடாது. பெல்ட் அறுந்திருந்தால் தண்ணீர் ஓட்டமும் நின்றிருக்கும். உடனே ஓரங்கட்ட வேண்டிய விளக்கு அது.

● கூலன்டுக்குள் மின்சாரம் ஓடுகிறதா என்று ஒரு சாதாரண மல்டிமீட்டரால் பார்த்துவிடலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் விரிவுத் தொட்டியின் மூடியைத் திறந்து, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வையுங்கள். சிவப்பு முனை கூலன்டுக்குள் இறங்கட்டும். உலோகத்தைத் தொட வேண்டாம். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும், முகப்பு விளக்கு, ஹீட்டர் விசிறி எல்லாவற்றையும் போடட்டும். 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் நிம்மதி. 0.3ஐத் தாண்டினால் சந்தேகம்.

எங்கிருந்து வருகிறது இந்த வோல்ட்? எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்துவிட்டால், திரும்ப வழியில்லாத மின்சாரம் கிடைத்த பாதையில் போகும். கூலன்டும் ஒரு பாதைதான். அப்படிப் போகும் மின்சாரம் அலுமினியத்தை அரிக்கும். ரேடியேட்டரும், ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் மேட்ரிக்ஸும் ஊசித்துளை போட்டுக்கொள்ளும். இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இம்முறை கறுப்பு முனையை எஞ்சின் உலோகத்திலேயே வைக்க வேண்டும். வோல்ட் மறைந்துவிட்டால் எர்த்தில் கோளாறு. அப்படியே நின்றால் கூலன்ட் கிழடு தட்டிவிட்டது. அதுவே ஒரு சின்ன பேட்டரியாக வேலை செய்கிறது. முதலாவதற்குப் புதிய எர்த் பட்டை, இரண்டாவதற்குப் புதிய கூலன்ட். பட்டையைப் பார்க்காமல் ரேடியேட்டரை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், புதியதும் ஓட்டையாகும்.

● எர்த் பட்டையைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உள்ளே பச்சை பூத்திருக்கும், வெளியே பளபளக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சினின் வெற்று உலோகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட் காட்டினால் அந்தப் பட்டை வேலைக்காகாது. டி3இல் பேட்டரி முன் இருக்கைக்கு அடியில், செல்ஃப் மோட்டார் வண்டியின் பின்பக்கத்தில். இவ்வளவு நீளக் கேபிளில் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டைத் தின்னும். 'பேட்டரி போச்சு' என்று குப்பைக்குப் போகும் பேட்டரிகளில் எத்தனை நல்ல பேட்டரிகளோ!

● சாவியை உருவிக்கொண்டு இறங்கிய பிறகும் டி3இன் ரேடியேட்டர் விசிறி சுற்றலாம். அதை இயக்குவது ரேடியேட்டரில் இருக்கும் வெப்ப ஸ்விட்ச், சாவியைக் கேட்பதில்லை. மலைச்சாலை ஏறி வந்து நிறுத்தினால் சில நிமிடம் சுற்றி நிற்பது இயல்பு. அந்த ஸ்விட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டால் விசிறி நிற்காது. ராத்திரி முழுக்கச் சுற்றி, விடியும்போது செல்ஃபுக்கு மிச்சம் வைக்காது.

● ஒரு 5 வாட் விளக்கு பேட்டரியை எத்தனை நாளில் காலி செய்யும்? அலமாரிக்குள் எரியும் குட்டி விளக்கு இழுப்பது சுமார் 0.4 ஆம்பியர். நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாகவே இருந்தாலும் ஆறு நாள்தான். பழசானால் மூன்றாம் நாளே முனகும். இந்தக் கணக்கு தெரிந்தால், 'ஒரு வாரம் ஓட்டவில்லை, அதுதான் இறங்கிவிட்டது' என்ற சமாதானம் எடுபடாது. கடிகாரம், ரேடியோ நினைவகம் தவிர வேறொன்றும் இழுக்காத பழைய வேன் 50 மில்லி ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். அந்த அளவில் பாதி பேட்டரி தீரவே 25 நாள் ஆகும்.

● திருட்டு மின்சாரத்தைப் பிடிப்பது எப்படி? பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். கதவுகள் சாத்தியிருக்கட்டும். இப்போது ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் விழுகிறதோ, அந்தப் பாதையில் திருடன் இருக்கிறான். மீட்டர் நடுவில் இருக்கும்போது மட்டும் யாரும் செல்ஃப் அடித்துவிடக் கூடாது. மீட்டரின் ஃப்யூஸ் அந்த நொடியே காலி.

எல்லா ஃப்யூஸையும் உருவியும் எண் விழவில்லையா? ஃப்யூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரியோடு பேசும் ஆட்களைப் பிடியுங்கள். முதல் ஆள் ஆல்டர்னேட்டர். உள்ளிருக்கும் டயோடு ஒன்று பழுதானால் மின்சாரம் தலைகீழாக ஒழுகும். நிறுத்திப் பல மணி நேரமாகி, எஞ்சினே ஆறிப்போன பிறகும் ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்த ஆள், முந்தைய உரிமையாளர்கள் சொருகிவிட்டுப் போன கூடுதல் ஒயர்கள். நாற்பது வருடத்தில் ஒரு கேம்பர் எத்தனை கை மாறியிருக்கும்! இவற்றில் ஃப்யூஸ் வைத்தவர்கள் புண்ணியவான்கள்.

● சார்ஜ் விளக்கின் பல்ப் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. பழைய ஆல்டர்னேட்டர்கள் உயிர்பெறத் தேவையான முதல் மின்சாரம் அந்தப் பல்ப் வழியாகத்தான் போகிறது. பல்ப் எரிந்துபோனால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறாமல் போகலாம். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால், ஆல்டர்னேட்டருக்கு விலை கேட்கும் முன் பல்பை மாற்றிப் பாருங்கள்.

● பல கேம்பர்களில் பேட்டரி இரண்டு: ஒன்று வண்டியைக் கிளப்ப, இன்னொன்று வீட்டுப் புழக்கத்துக்கு. எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் ஒரு ரிலே சேர்க்கும். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் இரண்டும் எப்போதும் ஒன்றுதான்; இரவில் நீங்கள் படிக்கும் விளக்கு காலைக்கான செல்ஃபைத் தின்றுவிடும். சோதனை சுலபம். எஞ்சினை நிறுத்திவிட்டு, வீட்டு விளக்குகளைப் போட்டு இரண்டு பேட்டரியையும் அளக்க வேண்டும். இரண்டும் கைகோத்து இறங்கினால் ரிலேதான் குற்றவாளி.

● கேம்பர் குளிர்பெட்டிகள் பலவற்றில் மோட்டாரே கிடையாது. சூட்டைக் கொண்டு குளிரை உண்டாக்கும் இந்த வித்தையை 1922இல் பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் என்ற இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். கேஸிலும் ஓடும், வீட்டு மின்சாரத்திலும் ஓடும், 12 வோல்ட்டிலும் ஓடும். மூன்றாவதுதான் ஆபத்து: ஹீட்டர் கம்பியைச் சூடாக்க 8 ஆம்பியர் அளவில் இழுக்கும். எஞ்சின் நின்ற பிறகும் 12 வோல்ட்டில் விட்டால் ஒரே இரவில் பேட்டரி படுத்துவிடும். இப்படி நேராமலிருக்க ஒரு ரிலே உண்டு. அதைத் தாண்டி ஒயர் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

● இனி தண்ணீர்க் கதை. ஒழுகலைத் தேடச் சரியான நேரம் விடியற்காலை. எஞ்சின் சூடாக இருக்கும்போது கசியும் துளி விழுந்த இடத்திலேயே ஆவியாகிவிடும். ஆறிய பிறகு ரப்பரும் உலோகமும் சுருங்கி, கசிவு வெளியே தெரியும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ கூலன்ட் நிறத்திலோ படிந்திருக்கும் உப்புக்கறைதான் துப்பு.

● தண்ணீரால் குளிரும் டி3 பெட்ரோல் எஞ்சினின் பேர்போன நோய், சிலிண்டர் ஹெட்டுக்கும் தண்ணீர் உறைக்கும் நடுவே வெளிப்புறமாக ஓடும் ரப்பர் கேஸ்கெட். மற்ற வண்டிகளில் ஹெட் கேஸ்கெட் போனால் தண்ணீர் பெரும்பாலும் சிலிண்டருக்குள்ளோ ஆயிலுக்குள்ளோ போய் வெள்ளைப் புகை வரும். இங்கே நேராகத் தரையில் சொட்டும். ரப்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலாவதியான கூலன்ட் அலுமினியத்தை அரித்துக் குழி விழ வைக்கிறது. குழிவிழுந்த விளிம்பில் எந்த ரப்பர் உட்காரும்? அதனால்தான் பாஸ்பேட் இல்லாத கூலன்டை ஊற்றச் சொன்னார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறவர் ஹெட்டை எப்போது கழற்றுவது என்பதைத் தானே முடிவு செய்துவிட்டார். ஒழுகலை அடைக்கும் பொடி வாங்கிப் போடுகிறவர்களிடம் எனக்கு வாதாட ஆசையில்லை. அது ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்துவிடும்.

● துளி எங்குமே இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறதா? பின் இருக்கைக்கு அடியில் பாருங்கள். பல டி3களில் அங்கே இரண்டாவது ஹீட்டர் ஒன்று ஒளிந்திருக்கிறது. முன் ஹீட்டர் ஒழுகினால் கண்ணாடியில் உள்பக்கமாகப் பிசுபிசுப்பான மூடுபனி படரும், இனிப்பு வாடை வரும். பின்னது ஒழுகினால் இருக்கைக்குக் கீழே ஈரம்தான். மெத்தையைத் தூக்காதவருக்கு அதுவும் தெரியாது.

● விரிவுத் தொட்டியின் மூடி, தூசி விழாமல் மூட மட்டும் வைத்ததல்ல. அதிலுள்ள ஸ்பிரிங் வால்வு அழுத்தத்தைக் கட்டுகிறது. வெளிக்காற்றைவிட 1 பார் அதிக அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் கூலன்ட் முன்கூட்டியே கொதித்து வெளியே தள்ளப்படும். ஆறிய பிறகு ஹோஸ்கள் சப்பிப்போய்க் கிடந்தாலும் மூடி மேல்தான் முதல் சந்தேகம். மாற்ற ஆகும் செலவு அற்பம். சூட்டில் திறந்தால் ஆகும் செலவு ஆஸ்பத்திரி.

● எஞ்சின் ஓடும்போது தொட்டிக்குள் குமிழிகள் ஓயாமல் வருகின்றனவா? சிலிண்டரில் எரிந்த புகை கூலன்டுக்குள் கசியலாம். தொட்டிக்கு மேலிருக்கும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுத்துச் சோதிப்பார்கள். அதில் கார்பன் டை ஆக்ஸைடு இருந்தால் நீலம் மஞ்சளாகும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரிப் படிந்ததைப் பார்த்து மட்டும் பயந்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் கடைவரை போய்த் திரும்பும் வண்டிகளில் வெறும் ஈரமே அப்படிப் படியும்.

● கூலன்ட் மாற்றியதும் வண்டி கொதிக்கிறதா? உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. டி3இன் மூக்கைச் சுமார் 40 செ.மீ. உயர்த்தி நிறுத்தி, ரேடியேட்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, எஞ்சினை முடுக்கிவிட்டுக் குமிழியில்லாமல் தண்ணீர் வரும்வரை ஊற்ற வேண்டும். சமதரையில் செய்தால் பாதி காற்று உள்ளேயே இருக்கும்.

● கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகோல் இனிக்கும்; அதனால்தான் நாய்கள் நக்கிச் சாகின்றன. மருத்துவமனையில் இதற்கு மாற்று மருந்தாகச் சாராயத்தையே கொடுத்ததுண்டு. கிளைகோலை விஷமாக மாற்றும் அதே நொதிதான் சாராயத்தையும் செரிக்கிறது. சாராயம் முந்திக்கொண்டால் கிளைகோல் மாறாமல் சிறுநீரில் போய்விடும். இப்போது ஃபோமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது.

● சுத்தமான கிளைகோலை ஊற்றினால் அதிகப் பாதுகாப்பா? இல்லை. அது சுமார் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும்.

● பேட்டரியும் உறையும். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் அசராது. இறங்கிக் கிடக்கும் பேட்டரிக்குள் அமிலம் நீர்த்துப்போய்விடுவதால், மைனஸ் 10ஐ எட்டுவதற்குள்ளேயே பனிக்கட்டியாகி உறை வெடித்துவிடலாம். உறைந்த பேட்டரியில் சார்ஜர் மாட்டக் கூடாது. ஜம்ப் ஸ்டார்ட்டும் கூடாது. உள்ளே கொண்டுபோய் இளக விட்டு, உறையில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சார்ஜ் போட வேண்டும்.