சிலையின் கீழே ஒரு துஆ

தரம் பத்துப் பிள்ளையொருவன் போனை நீட்டினான். அவனுடைய மாமா கோலாலம்பூரில் எடுத்த படம். ஆயுதம் தாங்கிய வீரர்கள், அவர்களுக்கு மேலே கொடி. "சேர், மலேசியா முஸ்லிம் நாடுதானே. ஏன் மனுசன்ட சிலைய இப்புடி வெச்சிரிக்காங்க?" சட்டென்று பதில் வரவில்லை. பிறகு தேடி வாசித்ததைத்தான் எழுதுகிறேன்.

அது 'துகு நெகாரா', மலேசியாவின் தேசிய நினைவுச்சின்னம். முதற் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 1960இல் அமெரிக்கா போனபோது, ஆர்லிங்டனில் இவோ ஜிமா வீரர்களின் சிலையைக் கண்டார். மனம் அதிலேயே நின்றுவிட்டது. அதைச் செய்த பீலிக்ஸ் டி வெல்டனிடமே தம் நாட்டுக்கும் ஒன்று கேட்டார். உருவங்கள் இத்தாலியில் வெண்கலத்தில் வார்க்கப்பட்டன. 15 மீற்றர் உயரம். 1966 பெப்ரவரி 8இல் மாமன்னர் திறந்து வைத்தார்.

உருவங்கள் ஏழு. ஐவர் பாதுகாப்புப் படையினர். அவர்களில் காயப்பட்ட ஒருவரைத் தோழர் தாங்கிப் பிடிக்கிறார். காலடியில் விழுந்து கிடக்கும் இருவர், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட்டுகள். 1975இல் கம்யூனிஸ்ட்டுகள் இந்தச் சிலைக்கே குண்டு வைத்தார்கள். திருத்தியெடுக்க 1977 ஆயிற்று.

பீடத்தில் ஜாவி எழுத்திலும் செதுக்கியிருக்கிறார்கள்: அமைதிக்கும் விடுதலைக்கும் போராடிய வீரர்கள் மீது அல்லாஹ்வின் அருள் உண்டாகட்டும் என்று. சிலைக்குக் கீழே துஆ! இந்த முரண்தான் உலமாக்களை உறுத்தியது. உருவத்தின் முன் மலர்வளையம் வைத்துத் தலைதாழ்த்தி நிற்பது கூடாது என்றார்கள். 2010 வரை ஜூலை 31 வீரர் தின வைபவம் அங்கேதான் நடந்தது. பின்னர் மெர்டேக்கா சதுக்கத்துக்கும் புத்ராஜயாவுக்கும் மாற்றினார்கள். சிலையை யாரும் உடைக்கவில்லை. எனக்கு அது நிதானமான முடிவாகவே படுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே வளவில் வெள்ளைக்காரன் காலத்து நினைவுத் தூணும் நிற்கிறது. அதில் மனித உருவமே இல்லை, வெறும் கல்லும் எழுத்தும்தான்.

இதையெல்லாம் சொன்னேன். பிள்ளை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"கீழ கெடக்கிற ரெண்டு பேரும் அந்த நாட்டு ஆக்கள்தானே சேர்?"

ஓம். கிளர்ச்சிப் படையின் பத்தாவது ரெஜிமன்ட்டில் பெரும்பாலும் மலாய் முஸ்லிம்கள்தான் இருந்தார்கள். பீடத்திலுள்ள துஆ அவர்களுக்கானதல்ல.