ஆடும் ஸ்டீயரிங்கில் அதிர்வு எங்கிருந்து வருகிறது?

பழைய மாருதி 800-இல் ஸ்டீயரிங் தளர்ந்திருக்கிறது, 80 கிலோமீட்டர் வேகத்தில் அதிரவும் செய்கிறது என்றால் இரண்டையும் ஒரே கோளாறாக எண்ணிவிடுகிறோம். தளர்ச்சி தானாக எதையும் அதிர வைக்காது; சுழலும் ஒன்றுதான் அதிர வைக்கும். 12 அங்குல ரிம் கொண்ட அந்தச் சக்கரம் 80-இல் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றும். ரிம்மின் ஓரத்தில் 20 கிராம் எடை கூடியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரண்டரை கிலோ எடைக்குச் சமமான விசை சக்கரத்தை உலுக்கும். விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் 40-இல் அது கால் பங்குதான். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாததற்குக் காரணம் இதுவே. பிரேக் மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் முதலில் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும்.

பேலன்சிங் செய்ததும் அதிர்வு நின்றுவிட்டதே, பிறகென்ன என்று கேட்கலாம். நின்றது உலுக்கும் விசை. அதைப் பெரிதாக்கிக் காட்டிய தேய்மானம் அப்படியே இருக்கிறது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி இடவலமாகப் பிடித்து அசைத்தால் டை ராட் எண்டின் ஆட்டம் தெரியும். மேல்கீழாக அசைத்தால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். அலைன்மெண்ட் போதாதா? தேய்ந்த மூட்டில் வைத்த கோணம் நிலைக்காது. தளர்ச்சியைப் போக்க ஸ்டீயரிங் ரேக்கின் ஸ்க்ரூவை இறுக்குவது அதைவிட மோசம்: பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும், அங்கே சரியாக இறுக்கினால், முழுதாகத் திருப்பும்போது தேயாத ஓரத்தில் ஸ்டீயரிங் சிக்கும்.