கண்ணாடிக்கு அப்பால் ஒரு குழந்தை



அம்பிட்டிய, கண்டி மாநகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஊர்தான். ஆயினும், பிரசவித்த சில நாளில் வெறுங்கையுடன் அங்கே வீடு திரும்பும் ஒரு தாய்க்கு அந்தச் சில மைல்கள் கடல் கடந்த தூரமாகத் தோன்றும். குறைமாதத்தில் பிறந்த அவள் பிள்ளை கண்டியிலோ பேராதனையிலோ பெரிய வைத்தியசாலையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவிலே இருக்கிறது. மார்பிலே பால் கட்டுகிறது. குடிப்பதற்குரிய வாய் அருகில் இல்லை. இந்த இடைவெளியைக் குறைக்க விஞ்ஞானம் என்ன செய்யக்கூடும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இடைவெளியை உண்டாக்கியதிலும் விஞ்ஞானத்துக்குப் பங்குண்டு. 1880ஆம் ஆண்டை அடுத்துப் பாரிஸ் நகரில் தார்னியே என்னும் மகப்பேற்று மருத்துவர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியின் முறையிலே, குறைமாதச் சிசுக்களுக்கு வெப்பமூட்டும் பெட்டியொன்றை அமைப்பித்தார். பிழைக்கமாட்டா என்று கைவிடப்பட்ட சிசுக்கள் பல பிழைத்தன. அவருக்குப் பின்வந்த பியேர் பியூதேன் மற்றொன்றையும் கவனித்தார். பிள்ளையைப் பெட்டியிடம் ஒப்படைத்து விலகியிருந்த தாய்மாரிற் சிலருக்கு, நாளடைவில் அப்பிள்ளைமீதிருந்த பற்றே தளர்ந்துவிட்டது! ஆகவே, தாய் காணும்படி கண்ணாடிச் சுவருள்ள பெட்டிகளைப் பயன்படுத்தினார். அவள் வந்து பார்க்கவும் தாய்ப்பால் கொடுக்கவும் வேண்டுமென வற்புறுத்தினார்.

இந்த அறிவு நெடுங்காலம் மறக்கப்பட்டது. அமெரிக்காவின் கோனித் தீவிலே 1903 முதல் 1943 வரை, காசு கொடுத்தவர் எவரும் பெட்டிக்குள் இருந்த குழந்தைகளை வேடிக்கை பார்க்கலாம். அந்தக் காசினாலேயே சிகிச்சை இலவசமாக நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். வைத்தியசாலைகளோ தொற்றுக்கு அஞ்சித் தாய்மாரை வாசலில் நிறுத்தின. கைகழுவி உள்ளே வரும் தாயால் தொற்று பெருகுவதில்லை என்று ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 1970இல் எழுதிய பின்னரே கதவு மெல்லத் திறந்தது.

இன்று பியூதேனின் கண்ணாடியை மைல் கணக்கில் நீட்டிவிடலாம். மேனாட்டு வைத்தியசாலைகள் சிலவற்றில் தொட்டிலுக்கு மேலே சிறு கமரா பொருத்தி, தாய் தன் கைத்தொலைபேசியிற் காண வழிசெய்திருக்கிறார்கள். 2020இல் கொவிட் தொற்றுக் காலத்திலே இம்முறை பரவியது. இது வெறும் ஆறுதல் என்று எண்ணிவிட வேண்டாம். பாலை இறங்கச் செய்யும் ஒட்சிரோசின் என்னும் ஓமோன், பிள்ளையைக் காண்பதாலும் அதன் குரலைக் கேட்பதாலும் தூண்டப்படுகிறது. ஒரு நாளில் எட்டு முறையேனும், இரவிலும்கூட, பாலைப் பிழிந்தெடுக்க வேண்டிய தாய்க்கு அந்தப் படம் மருந்துக்குச் சமானம்.

ஆயினும் படத்துக்குச் சூடில்லை, மணமில்லை. 1978இல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டாவில், பெட்டிகள் போதாமையால் மருத்துவர் ரேய் சனாப்ரியா சிசுக்களைத் தாயின் வெறும் மார்பிலே சேர்த்துக் கட்டச் செய்தார். கங்காரு முறை என்பது இதுவே. பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினால் என்னாகும் என உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஆராய்ந்தது. 2021இல் முடிவு வெளிவந்தது. 28 நாட்களுக்குள் இறந்தோர், வழக்கமான முறையில் நூற்றுக்கு 15.7, புதிய முறையில் 12. ஆய்வில் பங்குகொண்ட டில்லி சப்தர்ஜங் வைத்தியசாலையில், தாயின் கட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே இடப்பட்டது.

கமராவா கட்டிலா என்று கேட்டால், கட்டிலே வேண்டும் என்பேன். ஆனால் சத்திரசிகிச்சை முடிந்து எழமுடியாத தாயும், வீட்டிலே மூத்த பிள்ளைகளை விட்டு நகரமுடியாத தாயும் உண்டு. அவர்கள் தாதியிடம் கேட்டு ஒரு படமேனும் பெற்றுக்கொள்ளலாம். பால் எடுக்கும்போது அதை முன்னே வைத்துக்கொள்ளலாம். அழைப்புக் கிடைத்தால் பிள்ளையோடு பேசலாம். கருவிலே கேட்ட குரல் அது. தொலைபேசியின் ஒலியை மட்டும் உயர்த்தச் சொல்லாதீர்கள். குறைமாதக் குழந்தைக்குப் பெருஞ்சத்தம் ஆகாது.