பாட்டுக்காக வீட்டை அடகு வைத்தவர்

லண்டனில் ஒரு பெண். வயது 26. நகைக்காகவோ கல்யாணத்துக்காகவோ அல்ல, தன் பாட்டுக்காகத் தான் குடியிருந்த ஃப்ளாட்டை அடகு வைத்துக் கடன் வாங்கினார்! நம் வீட்டுப் பெரியவர்கள் காதில் விழுந்தால், "ஏண்டி, உனக்கு புத்தி கித்தி பிசகிடுத்தா?" என்று கேட்டிருப்பார்கள். எனக்கும் படித்தவுடன் திக்கென்றுதான் இருந்தது. அந்தப் பெண்ணின் கதையை முழுதும் தெரிந்துகொண்ட பிறகு, நம் சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பெயர் இமொஜன் ஹீப். இவர் பாடுவது 'ஸிந்த்-பாப்' என்ற வகை. ஸிந்தஸைஸர் என்கிற மின்சாரக் கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு உண்டாக்குகிற மெல்லிசை. பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளின் தயவில்லாமல் சொந்தமாகப் பாட்டு வெளியிடுகிறவர்களை 'இண்டி' பாடகர்கள் என்கிறார்கள். இவர் அதிலும் சேர்த்தி.

தானே கற்ற வித்தை

1977 டிசம்பர் 9-ம் தேதி, லண்டனை ஒட்டிய எஸ்ஸெக்ஸ் பக்கம் பிறந்தவர். சின்ன வயதிலேயே பியானோ. பிறகு செல்லோ, கிளாரினெட். 12 வயதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். விடுதிப் பள்ளியில் படித்தபோது, அங்கே இருந்த அடாரி கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டி, குரலைப் பதிவு செய்வது, வெட்டி ஒட்டுவது, சேர்ப்பது எல்லாவற்றையும் தானாகவே கற்றுக்கொண்டார். 'அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்' என்று பாடகிகள் பலரும் ஒதுங்கி நிற்கிற வேலை அது. அன்று கற்றுக்கொண்டதுதான் பின்னால் இவருக்குச் சோறு போட்டது.

1998-ல் முதல் ஆல்பம் 'ஐ மெகஃபோன்' வந்தது. (அவர் பெயரின் ஆங்கில எழுத்துக்களையே கலைத்துப் போட்டு வைத்த தலைப்பு!) ஆனால் வெளியிட்ட கம்பெனி கை மாறியதில் இவர் ஒப்பந்தம் இல்லாமல் நின்றார். அடுத்து கை ஸிக்ஸ்வொர்த் என்ற இசைக்காரரோடு சேர்ந்து 'ஃப்ரூ ஃப்ரூ' என்ற பெயரில் 2002-ல் ஓர் ஆல்பம். அதுவும் உடனே ஓகோ என்று விற்கவில்லை.

ஒரு வருஷக் கெடு

அப்போது எடுத்த முடிவுதான் ஃப்ளாட்டை அடகு வைத்தது. கிடைத்த பணத்தில் சின்ன ஸ்டூடியோ ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பாட்டு எழுதுவது, பாடுவது, வாசிப்பது, பதிவு செய்வது எல்லாம் ஏறக்குறைய ஒற்றை ஆளாக. அதோடு இன்னொரு காரியமும் செய்தார். ஆல்பத்துக்குக் கடைசி மெருகு கொடுக்கும் வேலைக்கு, ஒரு வருஷம் முன்னதாகவே தேதி குறித்துவிட்டார்! 2004 டிசம்பரில் முடித்தே தீர வேண்டும். பிள்ளையின் பரீட்சைக்கு நாம் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறோமே, அந்த மாதிரி.

ஒரு நாள் ராத்திரி கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒன்றுமே செய்யாமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கருவி இருந்தது. மைக்கில் பாடிக்கொண்டே கீபோர்டில் கட்டைகளை அழுத்தினால், ஒரே குரல் பல குரல்களாகப் பிரிந்து சேர்ந்து ஒலிக்கும். அதை மாட்டிக்கொண்டு மனம் போன போக்கில் பாடினார். தாளம் இல்லை, வேறு வாத்தியம் இல்லை. அவர் குரல் மட்டும்தான், நூறு பேர் கோவிலில் பாடுவது போல! அதுதான் 'ஹைட் அண்ட் ஸீக்', நம் பாஷையில் கண்ணாமூச்சி. 2005-ல் ஓர் அமெரிக்க டி.வி. தொடரின் முக்கியமான காட்சியில் ஒலித்து, ஊரெல்லாம் பரவியது. 2009-ல் ஜேஸன் டெருலோ என்ற பாடகர் இதன் ஒரு பகுதியை எடுத்துக் கோத்த பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எழுதியவர்கள் வரிசையில் இவர் பெயரும் இருந்தது.

அந்த 2005 ஆல்பத்தின் பெயர் 'ஸ்பீக் ஃபார் யுவர்ஸெல்ஃப்'. 'உனக்காக நீயே பேசு' என்று அர்த்தம் சொல்லலாம். வெளியிட்டது அவருடைய சொந்த நிறுவனம். அடகு வீண் போகவில்லை.

விளையாடிய அறையே ஸ்டூடியோ

பிறகு தான் வளர்ந்த வீட்டையே வாங்கினார். குழந்தையாக இருந்தபோது விளையாடிய அறை ஸ்டூடியோவாயிற்று. வீட்டில் கேட்கும் சத்தங்களைக்கூட விடாமல் பதிவு செய்து பாட்டில் சேர்த்தார். 2009-ல் வந்த அந்த 'எலிப்ஸ்' ஆல்பத்துக்கு 2010-ல் கிராமி விருது கிடைத்தது. பாடியதற்கு அல்ல, ஒலிப்பதிவு செய்த திறமைக்கு! எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி இதுதான்.

2011-ல் இந்தியாவுக்கு வந்து, விஷால்-சேகர் இரட்டையரோடு ராஜஸ்தானில் ஒரு பாட்டு உருவாக்கினார். தாகூரின் கவிதையை ஒட்டிய பாட்டு அது. கையை அசைத்தாலே இசை பிறக்கும்படி ஒரு கையுறையையும் ஒரு குழுவோடு சேர்ந்து வடிவமைத்தார்.

அம்மா ஆன பிறகு

2014-ல் மகள் பிறந்தாள். மகளுக்காக எழுதிய 'டைனி ஹ்யூமன்' என்ற பாட்டை 2015-ல் புது மாதிரியாக விற்றார். வாங்குகிறவர் தரும் பணம், அந்தப் பாட்டில் உழைத்த ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்காக நேரே போய்ச் சேரும் ஏற்பாடு. உழைப்புக்குக் கணக்கு வேண்டும் என்பதில் அவ்வளவு கறார்!

இளம் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது 2016-ல் வந்த 'தி ஹேப்பி ஸாங்'. "அத்தை, இதைப் போட்டா பாப்பா அழுகையை நிறுத்திடறா பாருங்களேன்" என்று என் மருமகள்தான் எனக்குக் காட்டினாள். குழந்தைகளைச் சந்தோஷப்படுத்த ஒரு பாட்டு வேண்டும் என்று, லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் மனோதத்துவ நிபுணர்கள் இவரோடு சேர்ந்தார்கள். எந்தச் சத்தத்துக்குக் குழந்தை சிரிக்கிறது என்று சுமார் 2,300 பெற்றோரிடம் விசாரித்தார்கள். 'பே!' என்று எட்டிப் பார்ப்பது, உதட்டைக் கூட்டி 'ப்ர்ர்ர்' என்று ஊதுவது, தும்மல், மிருகங்களின் சத்தம்... நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியாததா! இவர் நான்கு மெட்டுகள் போட்டுத் தர, அவற்றைக் குழந்தைகளிடமே பரீட்சை செய்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பாட்டு துள்ளி ஓடுகிறது. குழந்தையின் இதயம் நம்முடையதைவிட வேகமாக அடிக்கும் அல்லவா, அதற்கேற்ற வேகம்.

நிபுணர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: பாடும்போது எதிரே நிஜமான குழந்தை இருக்கட்டும். குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பாடும்போது தாயின் குரலே குழைந்து மாறிவிடுகிறது. குழந்தையும் அதைக் கண்டுகொள்கிறது. ஒன்றரை வயது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இவர் பாடினார்.

ஆகவே சகோதரிகளே, சத்தத்தைக் குறைத்து வைத்து இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள், தப்பில்லை. ஆனால் செல்ஃபோனைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். குழந்தையை மடியில் வைத்து, முகம் பார்த்து, நீங்களும் கூடவே பாடுங்கள். "எனக்கு சுதி சேராதே" என்கிறீர்களா? பிறந்த குழந்தைக்கு உலகத்தில் மிகவும் பிடித்த குரல் அம்மாவின் குரல்தான். சுதியை அது பார்க்காது.

அடகு வைத்துச் செய்த ஆல்பம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதிலிருந்த 'ஹெட்லாக்' என்ற பாட்டு, ஏறக்குறைய 20 வருஷம் கழித்து இளசுகளிடையே திடீரென்று பரவி, 2025 ஜனவரியில் அமெரிக்காவின் முதல் 100 பாட்டுகளின் பட்டியலில் நுழைந்தது.