டொக்... டொக்... தலையை முட்டும் மழலை சொல்வது என்ன?

கடந்த பருவ விடுமுறையில் ஜாசினில் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கினேன். முதல் நாள் இரவே ஒரு சத்தம் என்னை எழுப்பியது. டொக், டொக், டொக். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து எழுந்து போனேன். அறையில் அக்காவின் 13 மாத மகன், கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் தன் தலையை முட்டிக் கொண்டிருந்தான்.

அவன் தலைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தபடி அக்கா உட்கார்ந்திருந்தார். “மூனு வாரமா இப்படித்தான் செய்றான். அத்தைகிட்ட சொல்லிடாதே தம்பி. நான் வேலைக்குப் போறதாலதான் பிள்ளை இப்படி ஆயிட்டான்னு சொல்வாங்க” என்றார். இணையத்தில் தேடியபோது ‘ஆட்டிசம்’ என்ற சொல் கண்ணில் பட்டதாம். அதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை.

அன்றிரவே கைப்பேசியை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன்.

ஏணையின் தாளம்

இது அபூர்வமான நோய் அல்ல. தூங்கப் போகும்போது தலையை முட்டும் இந்தப் பழக்கத்திற்கு 1905ஆம் ஆண்டிலேயே சாப்பர்ட் என்ற மருத்துவர் பெயர் வைத்திருக்கிறார். நன்றாக வளரும் குழந்தைகளிலும் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை தலையை முட்டுவதுண்டு. ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம். பெரும்பாலும் 6 முதல் 9 மாதங்களில் தொடங்கி, 3 அல்லது 4 வயதுக்குள் தானாகவே நின்றுவிடும்.

ஏன் முட்டுகிறார்கள்? நம் வீட்டு ஏணையை நினைத்துப் பாருங்கள். உடலின் அசைவை உணரும் உறுப்பு நம் உட்காதில் இருக்கிறது. ஏணையின் சீரான ஆட்டம் அதைத் தொடும்போது அழுகிற பிள்ளையும் அடங்கிவிடுகிறது. ஆட்டிவிட ஆள் இல்லாத நேரத்தில் சில குழந்தைகள் அந்தத் தாளத்தைத் தாங்களே உண்டாக்கிக் கொள்கிறார்கள். வேறு சிலர் கோபத்தைச் சொல்ல வார்த்தை இல்லாமல் முட்டுவார்கள். பல் முளைக்கும் வலியும் காதுவலியும் கூட காரணமாகலாம்.

பாட்டி கேட்ட கேள்வி

மறுநாள் பாட்டியை அழைத்தேன். ரப்பர் மரம் சீவிய காலத்தில் அவர் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக் கொண்டவர். விடியும் முன்பே பால்மரத்துக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் பலர் அவர் ஆட்டிய ஏணையில் தூங்கியவர்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் பதறவில்லை.

“தூக்கத்துக்கு முட்டுறானா, வலிக்கு முட்டுறானா? அத முதல்ல பாரு. காதப் பிடிச்சு இழுக்குறானா? பால் குடிக்கும்போது முகத்தத் திருப்புறானா?” என்றார்.

அன்று முழுவதும் கவனித்தேன். எப்போது முட்டுகிறான், எத்தனை நிமிடம், அதற்கு முன் என்ன நடந்தது என்று குறித்து வைத்தேன். ஒரு நிமிடக் காணொளியும் எடுத்தேன். படுக்க வைத்த சற்று நேரத்தில்தான் முட்டத் தொடங்கினான். இடையிடையே இடது காதை இழுத்தான்.

கிளினிக்கில் மருத்துவர் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, கருவியால் காதைச் சோதித்தார். இடது நடுக்காதில் தொற்று. காய்ச்சல் இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தலையை முட்டும் குழந்தைகளிடம் காதுத் தொற்று கூடுதலாகக் காணப்பட்டதாக, டி லிசோவோய் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1963ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். சிறு குழந்தைகளின் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் நீர் எளிதில் தேங்கிவிடும். பகலில் ஏணையில் படுக்க வைத்தே பால் போத்தலைக் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்துமாறு மருத்துவர் சொன்னார். அதுவும் தொற்றுக்கு வழிவிடுமாம்.

நாம் செய்யக்கூடியவை

கட்டிலையும் மெத்தையையும் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். கட்டிலின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பாதுகாப்பு என்று நினைத்துத் தலையணைகளை அடுக்காதீர்கள்; சிறு குழந்தையின் முகத்தை மூடி மூச்சை அடைத்துவிடலாம். அதட்டவும் வேண்டாம், ஓடிப்போய்ப் பெரிதாக்கவும் வேண்டாம். முட்டினால் எல்லாரும் ஓடி வருவார்கள் என்பதைப் பிள்ளை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். பகலில் கைதட்டிப் பாடுங்கள், பால் டின்னைத் தட்ட விடுங்கள், தூக்கி வைத்து ஆடுங்கள். தாளம் அங்கேயே கிடைத்துவிடும்.

தலையை முட்டுவதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று முடிவு செய்ய முடியாது. ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும், கண்ணைப் பார்க்காமலும், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமலும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. பேசிய சொற்களை மறந்தாலும், முட்டிக் காயப்படுத்திக் கொண்டாலும், வயது கூடியும் பழக்கம் நிற்காவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். அரசாங்கத் தாய்சேய் கிளினிக்குகளில் 18 மாதப் பரிசோதனையின்போது வளர்ச்சி பற்றிய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். எல்லாம் சரி என்று வேகமாகக் குறித்துவிடாமல், உள்ளதை உள்ளபடி நிரப்ப அக்காவுக்கோ அண்ணிக்கோ உதவுங்கள்.

திருஷ்டி என்று சுற்றிப் போடும் பாட்டிமாரோடு சண்டை போடத் தேவையில்லை. சுற்றிப் போட்டுவிட்டு, காதையும் காட்டி வரலாம். “உன்னால்தான்” என்று தாயின் மேல் பழி போடுவதைத்தான் நிறுத்த வேண்டும். அந்தப் பயத்தில்தான் என் அக்கா மூன்று வாரம் மறைத்தார். அந்த மூன்று வாரமும் அவன் காது வலித்திருக்கிறது.

மருந்து முடிந்தபின் நள்ளிரவுச் சத்தம் நின்றது. தூங்கும் முன் நான்கைந்து முட்டு மட்டும் இன்னும் இருக்கிறது. அது தாளத்துக்கு என்பதால் அக்கா இப்போது பயப்படுவதில்லை. மருத்துவர் சொன்னதை அக்காவின் மாமியாரிடமும் சொன்னோம். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. இப்போதெல்லாம் பேரனை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துப் பால் கொடுப்பது அவர்தான்.